டாக்டர் ராஜ்கமல் மூடிய பெட்டி

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியையும் சேர்த்துப் பதினாறு கம்பெனிகளுக்கு ராஜ்கமல்தான் கம்ப்யூட்டர் டாக்டர். டாக்டர் என்பது விசிட்டிங் கார்டில் அவரே அடித்துக்கொண்ட பட்டம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த மொக்கைச்சாமிக்கும் ஒச்சாயிக்கும் பிறந்த மகன். பெற்றவர்கள் இருபது வருடம் கால் கடுக்க நின்று பனியன் மடித்து, மகனை ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வைத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு மகன் எதையும் படிக்கவில்லை. திரையில் வருவதைக்கூடப் படிப்பதில்லை.

அவர் வைத்தியம் பார்க்கும் அழகே தனி. கூலிங்கிளாஸைக் கழற்றி மேஜையில் வைப்பார். நாற்காலியில் இருப்பவரை எழுப்பிவிட்டு உட்காருவார். கோளாறு என்னவென்று சொல்லத் திரையில் ஒரு பெட்டி வரும். அது முழுசாக விரிவதற்குள் மூடிவிடுவார். பிறகு அணைத்துப் போடுவார், வயரைப் பிடுங்கிச் சொருகுவார், எதற்கும் மசியாவிட்டால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். அதற்கும் சரியாகாவிட்டால் நாற்காலியில் இருந்தவர்மேல் பழியைப் போடுவார். கம்ப்யூட்டர் ஓடிவிட்டால் அதன்மேல் "தொடாதீர்கள் – ராஜ்கமல் சிஸ்டம்ஸ்" என்று ஒரு ஸ்டிக்கர். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு விழும். இந்த மனுஷனை நாங்கள் பதினோரு வருடமாகச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பேக்கிங்கில் ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அந்த வார பார்கோடு ஸ்டிக்கர்களை ஒரே பேக்கேஜாகத் தன் தளத்தில் வைத்திருப்பார். அதை டவுன்லோடு செய்து, அடித்து, ஒவ்வொரு பீஸிலும் ஒட்டினால்தான் லாரி கிளம்பும். அன்று டவுன்லோடு ஆகவே இல்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் பெட்டிதான் வந்தது. வாசலில் லாரி நின்றது.

ராஜ்கமல் வந்தார். பெட்டியை மூடினார். வயரைப் பிடுங்கினார். நெட் சரியில்லை என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் நாகஜோதி, "போன்ல அதே பக்கம் தொறக்குதுண்ணே. நெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அது போதாதா அவருக்கு! முதலாளி பசீர் அகமதுவிடம் திரும்பினார். "பாத்தீங்களா பாய்? இந்தப் புள்ள போனைச் சொருகித்தான் வைரஸ் ஏறியிருக்கு."

எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். "ஏங்கண்ணு, இப்படிப் பண்ணலாமா? மத்தியானத்தோட கெளம்பிக்க கண்ணு" என்றார் முதலாளி.

வேலை போனால் கம்பெனி கொடுத்த அறையும் போய்விடும். அந்த அறையில் நாகஜோதியின் அம்மா முதுகுவலியோடு படுத்திருக்கிறாள். நாகஜோதி போனைச் சொருகவில்லை என்பது பேக்கிங் சூப்பர்வைசரான எனக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ராஜ்கமலைத் திட்டும்போது என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்ளுங்கள்.

நாகஜோதி அழவில்லை. "போறேன் பாய். அந்தப் பெட்டிய ஒரு தடவ மூடாம விடச் சொல்லுங்க. நான் படிக்கணும்."

"அது இங்கிலீஷும்மா" என்று சிரித்தார் ராஜ்கமல்.

"எழுத்துக் கூட்டிப் படிச்சுக்குவேண்ணே."

அவள் மறுபடி டவுன்லோடை அழுத்தினாள். பெட்டி வந்தது. டாக்டரின் கை பழக்கதோஷத்தில் மவுஸுக்குப் போனது. நான் மவுஸை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அவள் வரிவரியாகப் படித்தாள். இந்தப் பக்கத்தோடு பாதுகாப்பாக இணைய முடியவில்லை, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் டிஎல்எஸ் 1.2-ஐ டிக் செய்து மறுபடி முயலவும். நோயும் மருந்தும் ஒரே பெட்டியில் இருந்தன. டிஎல்எஸ் என்பது இரண்டு கம்ப்யூட்டர்கள் பிறர் ஒட்டுக்கேட்காமல் பேசிக்கொள்ளும் முறை; 1.2 அதில் புதியது. பழைய முறையில் பேசுகிறவர்களை பையரின் தளம் அந்த மாதத்திலிருந்து உள்ளே விடுவதில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்குப் பழையது மட்டும்தான் தெரிந்தது.

மவுஸைக் கொடுத்தேன். அவள் தேடிப்போய்த் திறந்த செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் இதே பக்கத்தில், "இதெல்லாம் இருந்தா சிஸ்டம் ஸ்லோவாகும்" என்று சொல்லி டிக்கை எடுத்தவர் ராஜ்கமல். எடுத்துவிட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டினார்.

நாகஜோதி ஒரு டிக் வைத்தாள். பேக்கேஜ் இறங்கியது. பிரிண்டர் ஸ்டிக்கர்களைத் தள்ள ஆரம்பித்தது.

"கடைசியா அதத்தான் பண்ணலாம்னு வச்சிருந்தேன்" என்றார் டாக்டர். கூசாமல் சொன்னார்.

"செரி செரி, நீ வேலையப் பாரு கண்ணு" என்றார் முதலாளி. மன்னிப்பெல்லாம் எங்கள் மரியாதையில் சேராது. ராஜ்கமல் பையிலிருந்து புது ஸ்டிக்கரை எடுத்தார். நாகஜோதி மானிட்டர்மேல் கையை வைத்து, "வேணாண்ணே" என்றாள். பழைய ஸ்டிக்கரையும் பொட்டோடு உரித்துக் குப்பையில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரான மங்கலத்திலிருந்து எனக்கு ராஜ்கமலின் போன் வந்தது. விசைத்தறிக் கம்பெனி ஒன்றில் இருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சூப்பர்வைசர், இங்கயும் ஒரு பேக்கேஜ் எறங்க மாட்டேங்குது. அந்தப் புள்ள அன்னிக்கு எதுல டிக் போட்டுச்சு?"

"திரையில பெட்டி வந்துதுங்களா?"

"வந்துச்சு."

"என்னனுங்க எழுதியிருந்துச்சு?"

"தெரியல. மூடிட்டேன்."