வீரசுவர்க்கத்தின் மூன்றாம் வரிசை

எலிசியம் பற்றி முதலில் கேள்விப்பட்டது சுவிட்சர்லாந்தின் வில் நகரில், அக்காவின் சமையலறை மேசையில். ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகள் கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் கிரேக்கம் படிக்கிறாள். வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஜெர்மனில் எழுதி வைத்திருந்ததை எங்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். தமிழிலேயே விளங்கப்படுத்திவிட்டால் வகுப்பில் தடுமாற்றம் வராது என்பது அவளுடைய எண்ணம்.

பழைய கிரேக்கர்களின் நம்பிக்கையில் செத்தவர்கள் எல்லோரும் நிலத்துக்கு அடியில் இருட்டில் நிழலாக அலைவார்கள். சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. உலகத்தின் மேற்கு ஓரத்தில், கடலை ஒட்டி, எலிசியம் என்று ஒரு வெளி. அங்கே குளிர்காலம் இல்லை. வேலை செய்யத் தேவையில்லை.

“ஸ்னோ இல்லையெண்டால் அது சுவிஸ் இல்லை,” என்றாள் அக்கா, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே.

“அங்க ஆர் போகலாம்? நல்லவையோ?” என்று கேட்டேன்.

“அதுதான் மாமா பகிடி. நல்லவை எண்டு பிறகுதான் சேர்த்தவை. முதல்ல கடவுளின்ர ஆக்கள்தான். ஒரு ராசா சாகாமலே அங்க போறார். ஏனெண்டால் அவர் பெரிய கடவுளின்ர மருமகன்.”

“அப்ப அது குடும்ப விசா,” என்றாள் அக்கா.

எலிசியத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பிள்ளை கேட்டாள். சொர்க்கம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இருபது வருடம் பத்திரிகையில் சொல் தேடிய பழக்கம் விடவில்லை. “வீரசுவர்க்கம்” என்றேன். போரில் இறந்தவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய சொர்க்கம் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “தம்பி, அத்தான்ர படத்தையும் நவம்பரில ஹோலில வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார். உனக்கு அவையைத் தெரியும்தானே.”

நவம்பரில் எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். போரில் இறந்த இயக்கப் போராளிகளின் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கானோர் பூவோடு கடந்து போவார்கள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா ஒவ்வொரு வருடமும் போகிறாள், மற்றவர்களின் படங்களுக்குப் பூ வைக்கிறாள். தன் கணவருக்கு முன்னாலும் நாலு பேர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அத்தான் போராளி இல்லை. வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேச்சர். போரின் கடைசி மாதங்களில் இயக்கத்துக்காரர் சண்டைக்கென்று வீட்டுக்கு வீடு ஆள் பிடித்தார்கள். அத்தான் பதுங்குகுழிக்குள் இன்னொரு குழி வெட்டி, மேலே பலகை போட்டு, அதற்குள் படுத்திருந்தார். அக்காதான் சோறு இறக்கினாள். ஒரு காலையில் அக்கா தண்ணீருக்கு வரிசையில் நின்ற நேரம் ஏழு மாதப் பிள்ளை பசியில் வீறிட்டது. அத்தான் மேலே ஏறி வந்து, அடுப்பு மூட்டி, பால்மா கரைக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தார். எறிகணைச் செல் ஒன்று முற்றத்தில் விழுந்தது. பிள்ளை குழிக்குள் இருந்ததால் தப்பியது.

இது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. தன்னால்தான் அப்பா செத்தார் என்று நினைத்துவிடுவாள் என்று அக்கா சொல்லவே இல்லை.

நினைவு நாள் குழுவில் ஒருவரை டீட்டிகோன் ஸ்டேசனுக்கு எதிரில் இருக்கும் கோப்பிக்கடையில் சந்தித்தேன். அவருக்குப் பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை, வார இறுதியில் குழு வேலை. மரியாதையான மனிதர். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா பத்திரப்படுத்தி வைத்திருந்த மரண அறிவித்தலைக் கொடுத்தேன், பத்திரிகையிலிருந்து வெட்டியது.

அதை எழுதியவன் நானே. அப்போது யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தல் பக்கம் என் பொறுப்பு. யார் எப்படிச் செத்தார் என்பதற்கு ஏற்ப வினைச்சொல் மாறும். நோயில் போனவர் காலமானார். சைவர் சிவபதமடைந்தார். வேதக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செல்லில் செத்தவருக்கு மட்டும் ஒரே சொல்: அகாலமரணமானார். இடம் போடுவதில்லை, காரணம் போடுவதில்லை. போட்டால் மறுநாள் அலுவலக வாசலில் யார் நிற்பார்கள் என்று தெரியாது. அத்தானின் செய்தி மூன்று கிழமை தாமதமாக என் மேசைக்கு வந்தபோதும் அதே சொல்லைத்தான் போட்டேன். பயம்தான், வேறு காரணம் இல்லை.

அவர் இரண்டு தரம் வாசித்தார். “அகாலமரணம் எண்டு மட்டும்தானே போட்டிருக்கு அண்ணை. பஸ் அடிச்சும் ஆள் அகாலமாச் சாகலாம்.”

“செல் பட்டுச் செத்தவர்.”

“செல் பட்டுச் செத்த சனம் எவ்வளவு? எல்லாரையும் வைக்க எந்த ஹோல் காணும்?”

போன வருடம் சீனி வருத்தத்தில் இறந்த ஒரு கடை முதலாளியின் படம் எப்படி வந்தது என்று கேட்டேன். படுத்தது சுவிஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில், போரைக் கண்ணால் காணாதவர்.

“அவர் நாட்டுப்பற்றாளர்,” என்றார். போராளி அல்லாத ஆதரவாளருக்குக் கொடுக்கும் பட்டம் அது. பிறகு கோப்பியைக் கலக்கிக்கொண்டே, “எங்கட குழுத் தலைவற்ற சம்பந்தியும்தான். நீங்கள் பேப்பர்காரர், உங்களுக்கு ஒளிச்சு என்ன.”

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் விசயத்துக்கு வந்தார். நினைவு மலர் அச்சுக்குப் போகிறது, எழுத்துப்பிழைகளைப் பார்க்க ஆள் இல்லை. நான் அதைப் பார்த்துக் கொடுத்தால், அத்தானையும் நாட்டுப்பற்றாளர் வரிசையில் வைக்க அவர் பேசுவார். “ஒரு நாலு வரி வேணும் அண்ணை. என்ன செய்தவர் எண்டு. அதையும் நீங்களே எழுதித் தாங்கோ.”

நான் பீல் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் கைக்கடிகாரப் பாகங்களைச் சோதிக்கிறேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கீறல் தேடுவது என் வேலை. அந்தக் கிழமை வேலை முடிந்து வந்து மலரின் நூற்றிருபது பக்கங்களிலும் பிழை தேடினேன். கடைசியில் நாலு வரி எழுதினேன்: கூட்டுறவுச் சங்கப் பணியின் ஊடாக நெருக்கடியான காலத்திலும் உணவு விநியோகத்தை இடையறாது முன்னெடுத்தவர், மண்ணை விட்டு அகலாது இறுதிவரை நின்றவர். அவர் விநியோகம் செய்தார். மண்ணை விட்டு அகலவில்லை, மண்ணுக்குள்தான் இருந்தார். வழக்குப் போட்டாலும் ஒரு சொல்லையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. எனக்கு வருகிற ஒரே தொழில் அதுதான்.

நவம்பர் மண்டபத்தில் அத்தானின் படம் மூன்றாம் வரிசையில், சுவர் ஓரமாக இருந்தது. கடை முதலாளி முதல் வரிசை. எந்த இயக்கத்திடமிருந்து அத்தான் குழிக்குள் ஒளித்தாரோ, அதன் கொடியின் கீழ் அவரது கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் சிரித்தது. அக்கா பூ வைத்தாள். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். ஒரு முதிய பெண் படத்தின் கீழே என் நாலு வரி இருந்த அட்டையை வாசித்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்து, “குடுத்து வைச்சனீ பிள்ளை,” என்றார். அக்கா தலையாட்டினாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதில்லை. பிள்ளை அட்டையை ரெலிபோனில் படம் எடுத்தாள்.

திரும்பும் ரயிலில் நாலு இருக்கைப் பெட்டியில் இருந்தோம். பிள்ளை படத்தைப் பெரிதாக்கி வாசித்தாள்.

“அம்மா, அப்பா இவ்வளவு செய்தவரெண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே.”

“ஓம், செய்தவர்,” என்றாள் அக்கா. “சனத்துக்குச் சாமான் குடுத்துக்கொண்டு நிக்கேக்கைதான் செல் விழுந்தது.”

இது நான் எழுதாத வரி. என்னுடைய நாலு வரியிலிருந்து அவளாக எடுத்து வைத்த அடுத்த அடி. இனி அதை மாற்ற மாட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

பிள்ளை என்னைப் பார்த்தாள். “உண்மையோ மாமா? நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியும்தானே.”

அவளுக்குப் பதினெட்டு வயது நெருங்குகிறது. தன் அழுகையைக் கேட்டுப் பொறுக்காமல் ஒரு மனிதன் ஒளிப்பிடத்தை விட்டு வெளியே வந்தான் என்பதைத் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், ஆனால் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்,” என்றேன்.

“விநியோகம் எண்டால் என்ன?”

“சாமான் பிரிச்சுக் குடுக்கிறது.”

அதை அவள் ஜெர்மனில் தட்டி, படத்தோடு வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பினாள்.