சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

எங்கள் பிளாக்கில் ஒரு கார் திருடுபோனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பழைய காரில் பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில் நானே ஒரு சுவிட்ச் வைத்தேன். அதை அணைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுவாரம் நான் திறந்தவெளிச் சுரங்கத்தில் காலை ஷிப்டில் இருந்தபோது அவள் போன் செய்தாள்.

"உங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க. செல்ஃப் சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது!"

"சீட்டுக்கு அடியில கைய விடு. சுவிட்ச் இருக்கும், தட்டு" என்றேன். எஞ்சின் சத்தம் போனிலேயே கேட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள், "திருடனுக்குத் தெரியக் கூடாது, சரி. எனக்குமா?" என்று கேட்டாள்.