காந்தம் ஒட்டாத பாத்திரங்கள்

அம்மா கணபதிப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறாள். இந்த மழைக்காலத்தில் இரண்டு முறை பாலை கேஸில் வைத்துவிட்டு மறந்துபோனாள். இரண்டாம் முறை பக்கத்து வீட்டுக்காரர்தான் புகையைப் பார்த்து ஓடிவந்து அணைத்தார். அன்றைக்கே அண்ணன் பெங்களூரிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டான்: வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா அவனோடு வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. நேரம் குறித்து வைத்தால் தானாக அணைந்துகொள்கிற இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கினேன். அதில் ஒழுங்காகச் சமைத்துவிட்டால் அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று அவனிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினேன்.

அடுப்புக்கு ஏற்ற பாத்திரம் வாங்க டவுன்ஹால் கடைத்தெருவுக்குப் போனோம். காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் சூடாகும் என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன். அம்மா தலையாட்டினாள். கடையில் என் ஃபோன் விடாமல் அடித்தது, அண்ணன்தான். நான் வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா ஒவ்வொன்றின் அடியிலும் நான் கொடுத்திருந்த காந்தத்தை வைத்துப் பார்த்து, நிதானமாக மூன்று பாத்திரங்களை எடுத்தாள். பணத்தைக் கட்டி அள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒன்றில் பாலை ஊற்றி வைத்தேன். அடுப்பு கீக்கீ என்று கத்தியது, சூடாகவில்லை. அடுத்ததை வைத்தேன், அதற்கும் கத்தல்தான். காந்தம் மூன்றிலுமே ஒட்டாமல் வழுக்கியது. ஆட்டோவில் சொன்னது கடைக்குள் நுழைவதற்குள் மறந்துவிட்டதா? அண்ணன் சொன்னதுதான் சரியா?

"ஏம்மா, ஒட்டறதைத்தான எடுக்கச் சொன்னேன்?" எரிந்து விழுந்தேன்.

"ஒட்டறதைப் போயி எவளாச்சும் காசு குடுத்து வாங்குவாளா கண்ணு? ஒட்டுச்சுன்னா மட்டமான எவர்சில்வரு. உன்ற கல்யாணச் சீருக்கு அத்தனையும் காந்தம் வெச்சுப் பாத்துத்தான் எடுத்தேன், ஒண்ணுலகூட ஒட்டாது. நீ அவசரத்துல மாத்திச் சொல்லிப்போட்டீன்னு நெனச்சேன்."

மறக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு, எனக்கு விவரம் போதாது என்று முடிவுகட்டித் திருத்தியிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. உடனே கடைக்குத் திரும்ப ஓடினோம்.

"ஏனுங்க, இருக்கறதுலயே மட்டமானதாப் பாத்துக் குடுங்க," என்றாள் அம்மா. கடைக்காரர் என்னைப் பார்த்தார். அடி தட்டையாக, கனமாக, காந்தம் கப்பென்று பிடிக்கிற பாத்திரங்களை நானே தேடி எடுத்தேன். அம்மா வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

இந்த முறை அம்மாவே பாலை வைத்து, நேரத்தைக் குறித்தாள். அடுப்பை விட்டு ஓர் அடி நகரவில்லை. பால் பொங்கியது, அடுப்பு தானாக அணைந்தது. அண்ணனுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"செரியாச் செஞ்சுபோட்டனா கண்ணு?"

"செஞ்சுட்டம்மா."

"அப்ப நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

அப்பாவும் அவளும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு அது. அதில் இருப்பதற்கு என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.