மூன்றாம் தட்டு

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தட்டு. பதினைந்தாவது நிமிடத்தில் இரண்டு. நான்கு ஆண்டுகளில் முப்பத்தேழு அமர்வுகள், இருநூறுக்கு மேல் கட்டுரைகள். இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. முன்வரிசையின் இடது ஓரத்தில், இரண்டாவது இருக்கையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முதல் இருக்கை உதவாது, தூண் மறைக்கும். எதிரே ஒரு சின்ன மேசை. அதன்மேல் நான்காக மடித்த கைக்குட்டை. கைக்குட்டையின்மேல், உச்சியில் தட்டினால் 'டிங்' என்னும் மேசை மணி. மணிக்கு மேலே அவளுடைய உள்ளங்கை, மூடி போட்டதுபோல. யாராவது மேசையை இடித்து மணி தானாக ஒலித்துவிட்டால்? அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நடந்துவிடுமோ என்ற பயத்தில் நான்கு ஆண்டுகளாக அவள் கையை எடுக்கவில்லை.

தாவரவியல் துறையின் ஆய்வு மாணவி, வயது இருபத்தொன்பது. இளைய மாணவர்கள் வைத்த பெயர் 'பெல் அக்கா'. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஆறேழு கருத்தரங்குகள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் மாணவர்களைக் குழு குழுவாகப் பிரிப்பார்கள். வரவேற்புக் குழுவுக்குப் போட்டி அதிகம். நல்ல உடை உடுத்திக்கொண்டு வாசலில் நிற்கலாம், எல்லாப் புகைப்படத்திலும் விழலாம். உணவுக் குழுவுக்கு ஏன் போட்டி என்று சொல்லத் தேவையில்லை. நேரக் குழுவுக்கு மட்டும் யாரும் கை தூக்குவதில்லை.

"பெல் அடிக்கிறவங்கள யாருக்குமே புடிக்காதே அக்கா, உங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஆசை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பெல் அடிக்கிறவகிட்ட யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல, அதான்."

நகைச்சுவை என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். அது வாக்குமூலம்.

கைபேசியில் ஒரு நேரக்கணிப்பு ஓடும். அது நின்றுபோனால் என்ன செய்வது என்று, ஆய்வகத்தில் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டைமர் ஒன்றும் பையில் இருக்கும். இரண்டுக்கும் அரை நொடி வித்தியாசம் வந்தால் முகம் வெளிறிவிடும். பேசுகிறவர்களை அவள் முகத்தைப் பார்த்து அறிவதில்லை, வாசகத்தை வைத்து அறிவாள். "'கடைசியா ஒரு விஷயம்'னு சொன்னாங்கன்னா இன்னும் ஏழு நிமிஷம் இருக்குன்னு அர்த்தம். 'சுருக்கமா முடிச்சிடறேன்'னா பத்து. 'நேரமாச்சுன்னு எனக்கே தெரியும்'னு ஆரம்பிச்சா ஆள் வெச்சுத்தான் இறக்கணும்" என்பாள்.

இறக்குவது அவள் வேலை இல்லை. இரண்டு தட்டுக்கு மேல் விதிமுறையில் எதுவும் கிடையாது. அதற்கப்புறம் அமர்வுத் தலைவர் எழுந்து, நன்றி சொல்லி, கைதட்டலைத் தொடங்கிவைக்க வேண்டும். மூன்றாம் தட்டு என்று ஒன்றை அவள் தட்டியதே இல்லை.

மணிக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்ட கதை எளிமையானது. முதுகலை முதலாண்டில், வகுப்புக் கருத்தரங்கில் பேச எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே நின்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு மணி அடித்தது. அந்த மணிச் சத்தம் அன்று அவளுக்கு விடுதலையாகக் கேட்டது. அதிலிருந்து மேடை என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். மணி என்றால் தெம்பு வரும். வீட்டில் அம்மாவுக்கு இது புரிவதில்லை. "நாலு வருஷமா மணி அடிச்சேன், மணி அடிச்சேன்கற. படிக்கிறியா, இல்ல பள்ளிக்கூடத்துல பியூனா சேந்துட்டியா?" என்பாள் தொலைபேசியில். "பேசறதுக்கு பயமாம். வீட்ல அந்த வாய் எங்கிருந்து வருது?"

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு கருத்தரங்கிலாவது கட்டுரை வாசித்த சான்றிதழை இணைத்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். உப்புத் தண்ணீரில் எந்த விதை முளைக்கும், எந்த விதை அழுகும் என்பது அவளுடைய ஆய்வு. மூடி போட்ட சிறு கண்ணாடி வட்டில்கள் இரண்டாயிரத்து நூற்று அறுபது. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து விதைகள். எண்ணி முடித்தாள், எழுதி முடித்தாள். கால நீட்டிப்பு ஏற்கெனவே ஒருமுறை வாங்கியாயிற்று, இரண்டாவது முறை கிடைக்காது. கடைசி நாளுக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஒரே கருத்தரங்கு இந்த இரண்டு நாள் கூட்டம்தான். வேறு வழியில்லாமல் பெயர் கொடுத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் அமர்வு, கடைசிக் கட்டுரை அவளுடையது. அதற்கு முன்னால் இருபத்தைந்து நிமிடச் சிறப்புரை, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். கீழே பொடி எழுத்தில், நேரக் காப்பாளர் என்ற இடத்தில் மறுபடியும் அவள் பெயர். கட்டுரைப் பட்டியலை ஒரு குழு போட்டது, தொண்டர் பட்டியலை இன்னொரு குழு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெல் அக்கா என்றால் மேசை, மின்விசிறி மாதிரி அரங்கோடு வருவது என்று நினைத்திருப்பார்கள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மையாரிடம் ஓடினாள்.

"மேடம், மூணாவது அமர்வுல பெல்லும் நான்தான், கடைசி பேப்பரும் நான்தான்."

"ஒரே ரூம்தானே? எழுந்து போய் பேசிட்டு, வந்து உக்காந்துக்கோ."

"அப்ப எனக்கு யாரு மேடம் அடிக்கிறது?"

"நீ நேரத்த தாண்டற ஆளா?" என்று சொல்லிவிட்டு அவர் பூங்கொத்துக் கணக்கைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நேரம் தாண்டுகிற ஆள் யார் என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். வழிகாட்டியின் சிறப்புரை சொன்ன நேரத்தில் முடிந்ததாக வரலாறு இல்லை. மூன்றாம் அமர்வு மூன்று மணிக்குத் தொடங்கினால் நாலு பத்துக்கு அவர் முடிக்க வேண்டும், நாலு இருபத்தைந்துக்கு அவள் முடிக்க வேண்டும். நாலரைக்கு நாற்காலிக் குழு வந்துவிடும். நிறைவு விழா நடக்கும் பெரிய அரங்கில் நாற்காலி போதாது என்பதால், இந்த அமர்வு நடக்கும் சிறிய அரங்கின் நாற்காலிகளை மாணவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள். உள்ளே யார் பேசுகிறார்கள் என்று பார்க்க மாட்டார்கள். ஆக, அவர் எடுக்கிற ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் அவள் தலையில்தான் விடியும்.

பேராசிரியர் உயரமானவர், மெல்லப் பேசுகிறவர். எந்த மாணவரையும் ஒரு சொல் கடிந்ததில்லை. அவரைக் கண்டு எல்லாரும் நடுங்குவதற்குக் காரணமே அதுதான். "உங்க சாருக்கு கோபமே வராதாம்ல. வந்தாலாவது தேவலை" என்பாள் அறைத்தோழி. கோபத்துக்குப் பதிலாக அவரிடம் ஓர் அலமாரி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மூத்த மாணவன், துறைக் கூட்டத்தில் நாலு பேர் நடுவே, "சார், நீங்க சொன்ன வருஷம் தப்பு" என்று சொல்லிவிட்டான். அவர் புன்னகைத்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். அவனுடைய ஆய்வேடு அந்த அலமாரியின் மூன்றாம் தட்டில் பதினான்கு மாதம் கிடந்தது. "பாக்கணும், பாக்கணும்" என்று மட்டும் சொல்வார். இப்போது அவன் உரக் கம்பெனியில் வண்டி வண்டியாக மூட்டை எண்ணுகிறான்.

அவளுடைய ஆய்வேடு அலமாரிக்குப் போகவில்லை. மேசைமேல் இருந்தது. "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு சான்றிதழோட வா. கையெழுத்து போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாளும் அந்தத் திங்கட்கிழமைதான். மேசைக்கும் அலமாரிக்கும் இடையே நாலடி தூரம்.

மணியை வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தாள். நேரக் குழுவில் இருந்த இளையவள் ஒருத்தி நிரலை வாங்கிப் படித்தாள். "உங்க சார் பேசற அமர்வா? அன்னிக்கு எனக்கு வயித்துவலி அக்கா."

"அன்னிக்கு இல்லடி, நாளை மறுநாள்."

"ஆமா, நாளை மறுநாள்தான் வலிக்கும்."

பேராசிரியரிடமே சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசல்வரை போனாள். "சார், மூணாவது அமர்வுல..." என்று இழுத்தாள். "உன் பேப்பர்தானே? நல்லா பண்ணு" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. அவள் கண் மேசைக்குப் போனது. ஆய்வேடு இருந்த இடத்தில்தான் இருந்தது. "சரி சார்" என்று திரும்பி வந்தாள்.

இரண்டாம் நாள், மூன்றாம் அமர்வின் முதல் மூன்று கட்டுரைகளும் மூன்று நாற்பத்தைந்துக்குச் சொல்லி வைத்தாற்போல முடிந்தன. பேராசிரியர் ஏறினார். நாலு ஐந்துக்கு ஒரு தட்டு தட்டினாள். அவர் தலையாட்டினார். நாலு பத்துக்கு இரண்டு தட்டு. "கடைசியா ஒரு விஷயம்" என்றார்.

ஏழு நிமிடம் என்று அவளுக்குள் ஏதோ சொல்லிற்று. உள்ளங்கை வியர்த்து மணியில் ஒட்டியது. அமர்வுத் தலைவரைப் பார்த்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அம்மையார். அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல், குழுவில் பேராசிரியரும் ஒருவர். அம்மையார் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஏற்கெனவே எழுதியிருந்த தாளில் எழுதியதையே மறுபடி எழுதலானார்.

நாலு பன்னிரண்டு. திரையில் நாற்பத்தொன்றாவது படம். மூலையில் எண் போட்டிருந்தது: நாற்பத்தொன்று, சாய்கோடு, அறுபத்து மூன்று. கதவருகே காலடிச் சத்தம். நாற்காலிக் குழுவின் தலைவி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, விரல் விட்டு வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த கடைசி வரிசையை அப்போதே ஓசைப்படாமல் தூக்கத் தொடங்கினார்கள்.

நாலு பதினான்கு. ஆய்வகத்தில் தனியாக விதைகளிடம் பேசிப் பழகியபோது அவளுடைய கட்டுரை பதினான்கு நிமிடம் இருபது நொடி. அதில் எதை வெட்டுவது? நாலு பதினைந்தைத் தாண்டினால் எதை வெட்டினாலும் போதாது. தட்டினால் கையெழுத்து போகும். தட்டாவிட்டால் சான்றிதழ் போகும். எது போனாலும் திங்கட்கிழமை ஒன்றுதான். கைபேசியும் பழைய டைமரும் ஒரே நொடியில் முப்பது நிமிடத்தைத் தொட்டன: நாலு பதினைந்து.

டிங். டிங். டிங்.

 பின்னால் நாற்காலி தூக்கியவர்கள் தூக்கிய நிலையிலேயே நின்றார்கள். பேராசிரியர் பேச்சை வாக்கியத்தின் நடுவில் விட்டார்.

"யாரு?" என்றார், மெல்ல.

அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். முதுகலை முதலாண்டு போலவே ஒன்றும் வரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். இந்த முறை அவளைக் காப்பாற்ற மணி இல்லை. அதை அவளே தட்டித் தீர்த்துவிட்டாள்.

"நேரம் முடிஞ்சது சார்" என்றாள் கடைசியில். "அடுத்த பேப்பர் என்னோடது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புன்னகைத்தார்.

"அப்படியா."

இறங்கி வந்தார். தூண் மறைக்கும் ஓர இருக்கையை விட்டால், முன்வரிசையில் காலியாக இருந்தது அவள் எழுந்த இருக்கை மட்டும்தான். அதில் அமர்ந்து, அவளுடைய கைபேசியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மணியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

அவள் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை. விதைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன என்று மட்டும் தெரியும்.  பன்னிரண்டாவது நிமிடத்தை அவள் உடம்பே சொல்லும், கடிகாரம் வேண்டியதில்லை. வந்தது. மணி ஒலிக்கவில்லை. அவரைப் பார்த்தாள். உள்ளங்கை மணியின்மேல் அப்படியே இருந்தது. கண்கள் அவள்மேல். அது பரிவா, மறதியா, அலமாரியா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

கையிலிருந்த பேனாவின் மூடியால் மேடைப் பலகையில் அவளே ஒரு தட்டு தட்டினாள். பிறகு அடுத்த படத்துக்குப் போனாள்.

பதினான்கு நிமிடம் இருபது நொடியில் முடித்தாள். அமர்வுத் தலைவர் சான்றிதழ்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'வாசித்தார்' என்று குறித்தார். நாலரைக்கு நாற்காலிகள் போகத் தொடங்கின. பேராசிரியர் எழுந்து, யாரிடமோ பேசிக்கொண்டே வெளியே போனார். அவள் மேசைக்குத் திரும்பி மணியை எடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அறை திறக்கும். ஆய்வேட்டைப் பெற்றுக்கொள்ளும் அலுவலகம் மாலை ஐந்துக்கு மூடும்.