காலண்டர் தாள் ஒட்டி விலை பேசிய வீடு

1. துண்டு

நயினாரின் கை என் துண்டுக்குள் இருந்தபோதுதான் பீரங்கி வெடித்தது.

துண்டு என்றால் என்ன என்று இந்தக் காலத்துத் தரகர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். செஞ்சியில் வீட்டுத் தரகுக்கு வருவதற்கு முன் பத்து வருடம் நான் மாட்டுத் தரகன். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வோம். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது. வாங்குகிறவனிடம் ஒரு கை, விற்கிறவனிடம் ஒரு கை, நடுவில் தரகன். வீட்டுத் தரகுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஊரில் என்னைத் "துண்டு ஏகாம்பரம்" என்றே சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அன்று விலை பேசியது காதர் பாயின் வீட்டுக்கு. ஜட்கா வண்டிக் குதிரைக்கு வார், கடிவாளம் எல்லாம் தைப்பவர் காதர் பாய். ஊரின் மேற்குக் கோடியில் ஓட்டு வீடு. இரண்டு அறை, கூடம், வற்றாத கிணறு. வாங்க வந்தவர் மேல்சித்தாமூரிலிருந்து அப்பாண்டை நயினார், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. செஞ்சி கடைத்தெருவில் மண்டி போடப் போகிறவர், குடும்பத்தோடு குடிவர வீடு தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் பொட்டலில் பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது. அந்தச் சேதியை நயினாரிடம் நான் சொல்லவில்லை.

2. நான் சொன்ன யோசனை

ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

காதர் பாய்க்கு ஒரே மகள். ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளின் பக்கத்து வீடு நாலாயிரத்துக்கு விலைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டு அங்கேயே போய்விட வேண்டும் என்று அவர் வீட்டம்மா ஹபீபா பீ ஒற்றைக்காலில் நின்றார்கள். மகளுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில் மூன்று மாதம். ஆவணியிலேயே செஞ்சி வீட்டுக்கு நாலாயிரத்து இருநூறுக்கு ஆள் கொண்டுவந்தேன். பாய் சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

நான்தான் தடுத்தேன்.

சீனாச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். செஞ்சிக்கு மிலிட்டரி வரப்போகிறது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. "பாய், கொஞ்சம் பொறுங்க. ஆபீசருங்க குடும்பத்தோட வருவாங்க. வாடகைக்கு அலைவாங்க. உங்க வீடு ஆறாயிரத்துக்குப் போவும்" என்றேன்.

"நீ சொன்னா சரிதாம்பா. உனக்குத் தெரியாததா" என்றார் காதர் பாய். அந்த ஒரு வார்த்தை பிறகு என்னை எத்தனை நாள் தூங்கவிடாமல் அடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

மிலிட்டரி வந்தது. ஆனால் ஆபீசர் குடும்பம் ஒன்றும் வரவில்லை. பீரங்கிதான் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் பொட்டலைத் தாண்டியுள்ள குன்றில் சுட்டுப் பழகினார்கள். மாடு ஆடு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று முதல் நாளே தண்டோரா போட்டுவிடுவார்கள். பாவம், அவர்கள் வேலை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் மேற்குக் கோடி வீடுகளின் விலை தடாலென்று விழுந்தது. "சுவரு வெடிச்சிடும்", "கவருமெண்டு எடுத்துக்கும்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆவணியில் நாலாயிரத்து இருநூறு சொன்னவன் ஐப்பசியில் இரண்டாயிரத்து ஐநூறு என்றான். ஆரணி வீட்டுக்காரரோ கார்த்திகை முடியும்வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் வீட்டுப் பேச்சு எடுக்கவும் மாட்டார்கள்.

ஹபீபா பீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போதெல்லாம் டீ கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அதனால்தான் வெளியூர் ஆளாகப் பார்த்து நயினாரைப் பிடித்தேன். சுடாத நாளாகப் பார்த்து வியாழக்கிழமை காலை வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மழை கொட்டியதால் அன்று சுட வேண்டியது வியாழனுக்குத் தள்ளிப்போனதும், அதற்குத் தண்டோரா போட்டதும் எனக்குத் தெரியாது. நான் பக்கத்து ஊருக்கு ஒரு நிலம் பார்க்கப் போயிருந்தேன்.

3. திரும்பிப் பார்க்காதவன்

வெடித்ததும் ஓடெல்லாம் கடகடவென்றது. காதர் பாய் மேற்கே பார்த்தார். நயினார் மேற்கே பார்த்தார். நான் மட்டும் திரும்பவில்லை, நயினார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சத்தம் என்று தெரிந்தவன் எதற்குத் திரும்புவான்? அந்த மனிதர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா தரகரே, இடி மாதிரி விழுது, நீ அசையவே இல்லியே?" என்றார்.

கல்லுக்கு வெடி வைக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செஞ்சியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறைதான், யாரும் நம்புவார்கள். அதற்குள் காதர் பாய் என் துண்டுக்குள்ளிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"பீரங்கிங்க நயினாரே. பட்டாளம் எறங்கியிருக்குது. வாரத்துல செவ்வாயும் வெள்ளியும் சுடுறாங்க, மழையால இன்னிக்குத் தள்ளிடிச்சு. இந்த ஏகாம்பரம் எனக்கு நல்லது பண்ணணும்னு மறைச்சிட்டான். நீங்க அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் வீட்டு வியாபாரமே கெட்டுப்போகும் நேரத்தில் எனக்கு வக்காலத்து வாங்குகிறார்.

நயினார் எழுந்தார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார். சமையலறை வாசலுக்கு மேலே முழ நீளம் ஒரு வெடிப்பு இருந்தது.

"இது எப்பலேருந்து?"

"கெணறு தோண்டின வருஷம் வந்ததுங்க" என்றார்கள் ஹபீபா பீ.

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க." நயினார் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து அன்றைய தேதியைக் கிழித்தார். பாயின் தோல் ஒட்டும் பசையை வாங்கி, வெடிப்புக்குக் குறுக்கே அந்தத் தாளை இறுக்கமாக ஒட்டினார். "சுவரு இன்னும் வாய் பொளந்துகிட்டு இருந்தா இது கிழியும். பழைய வெடிப்பா இருந்தா கிழியாது. அடுத்த வியாழன் வர்றேன். நாளைக்கும் செவ்வாய்க்கெழமையும் சுடுவாங்க இல்ல? சுடட்டும்."

4. ஏழு நாள்

அந்த ஏழு நாளில் ஹபீபா பீ ஒரு கதவையும் சாத்தவிடவில்லை. உரலில் எதையும் இடிக்கவில்லை. காதர் பாய் தும்மினால்கூட, "வெளிய போய் தும்முங்க" என்று விரட்டினார்கள். வெள்ளிக்கிழமை சுட்டபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹபீபா பீ கையில் கரண்டியோடு தாளைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். "ஒண்ணும் ஆவல தம்பி" என்றார்கள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பாய் வீட்டுக்குக் கொடுத்த அதே கடைக்காரர்தான் என் வீட்டுக்கும் காலண்டர் கொடுத்திருந்தார். அந்த வியாழக்கிழமைத் தாளை நான் பத்திரமாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சுவரில் இருப்பது கிழிந்துபோனால் இதை ஒட்டிவிடலாம் என்று. சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி அதைக் கண்டுபிடித்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றாள். சொன்னேன்.

"காதர் பாய் உன் மானத்தைக் காப்பாத்தினாரு. நீ அவரு மானத்தை வாங்கப் பாக்குறியா?" என்று என் கண்ணெதிரில் அதை அடுப்பில் போட்டாள். மூன்று மாதத்தில் என்னைத் திட்டிய ஒரே ஆள் அவள்தான். கொஞ்சம் பாரம் குறைந்தது.

செவ்வாய்க்கிழமை மற்ற நாளைவிடப் பலமாகச் சுட்டார்கள். சமையலறைக் கூரையில் ஓடு ஒன்று நழுவி முற்றத்தில் விழுந்து உடைந்தது. நான் போனபோது காதர் பாய் ஏணி வைத்துப் புது ஓடு செருகிக்கொண்டிருந்தார். தாளை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

5. வாயால் சொன்ன விலை

வியாழக்கிழமை நயினார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, தாளை நகத்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினார். சமையல் புகையில் லேசாகப் பழுத்திருந்ததே தவிர, ஒரு இழை பிரியவில்லை.

பழக்கதோஷத்தில் நான் துண்டை எடுத்து விரித்தேன்.

"வேணாம் தரகரே, அதை வையி" என்றார் நயினார். தெரு முழுக்கக் கேட்கிற குரலில் பாயைப் பார்த்துச் சொன்னார்: "ஆவணியில நாலாயிரத்து இருநூறுக்குக் கேட்டாங்கன்னு விசாரிச்சேன். சுவரு நல்லா இருக்குது. சத்தத்துக்கு மட்டும் நூறு ரூபாய் கொறைச்சிக்குறேன். நாலாயிரத்து நூறு. இன்னா சொல்றீங்க பாய்?"

காதர் பாய் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஹபீபா பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அதுதான் பதில்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஊரே ரெண்டாயிரத்து ஐநூறுங்குது. உங்களுக்கு எப்படி நம்பிக்கை வந்துச்சு?"

"பீரங்கியைப் பத்தி விக்கிறவரே சொல்லிட்டாரு. கெணறு வத்தாதுன்னு அவரு சொன்னா அப்புறம் நான் நம்பமாட்டனா?" என்றார்.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கும்போது பத்திரம் பதிவானது. பாய் சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று ஹபீபா பீ என்னைக் கூப்பிட்டு என் துண்டைக் கொடுத்தார்கள். விலை பேசிய அன்று சந்தோஷத்தில் அங்கேயே விட்டுவந்திருக்கிறேன். துவைத்து மடித்து வைத்திருந்தார்கள்.

பாய் வண்டியில் உட்கார்ந்தபடி சிரித்தார். "ஏகாம்பரம், இது மாட்டுக்குத்தாம்பா சரி. மாடு தன் கொறையைச் சொல்லாது. வீட்டுல நாங்க இருக்கறமே, நாங்க சொல்லமாட்டமா?"

கோடை வருவதற்குள் பட்டாளம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. மேற்குக் கோடியில் விலை ஏறியது. பாய் அவசரப்பட்டுவிட்டார் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அதற்குள் ஆரணியில் மூன்றாவது பேரப்பிள்ளை பாயின் மடியில் படுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருடம் தரகு செய்தேன். வீடு காட்டக் கூட்டிப்போகும் வழியிலேயே அதன் குறையைச் சொல்லிவிடுவேன். மழைக்கு ஒழுகும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்காரன், எதுவானாலும். பாதிப் பேர் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள். வந்து வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பிறகு தெருவில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பியதில்லை. துண்டை வியர்வை துடைக்க மட்டும் வைத்துக்கொண்டேன்.