அப்பா உயிரோடு இருக்கும்போதே

முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்திலிருந்து திரும்பிய அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னார்.

"நான் உயிரோட கீறப்பவே நீ கேஸ் போட்டுடணும்."

"இன்னா கேஸு?"

"டைவர்ஸ் கேஸு."

கணவரைப் பிரிந்து சேரப்பணஞ்சேரியில் அப்பா வீட்டுக்கு நான் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரகடத்தில், காருக்கான ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. கணவர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. விவாகரத்து என்ற சொல்லை மட்டும் இரண்டு பக்கமும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அம்மா முன்பே இறந்துவிட்டாள். விவாகரத்தான மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வேண்டுமென்றால், பெற்றோர் இருக்கும்போதே தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. இப்போது அவர்கள் காலத்தில் வழக்குப் போட்டிருந்தாலே போதும், தீர்ப்பு பிறகு வரலாம் என்று தளர்த்தியிருந்தார்கள். கூட்டத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த மழைக்காலத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தோம்.

அன்றிலிருந்து தினமும் கேட்டார். "வக்கீலப் பாக்க லீவு சொன்னியா?" கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கும்போது அதே கேள்வி காதில் ஓடியது. சிவப்பு ஒயரை வேறு துளையில் செருகி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

"சாவறத பத்தியே டெய்லி பேசாதப்பா" என்றேன்.

"பின்ன எப்ப பேசறது, செத்தப்புறமா?"

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். "மறுபடி சேந்து வாழ வாய்ப்பு இருக்காம்மா?" என்று அவர் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இல்ல சார்" என்றேன். அதைச் சொல்லிவிட்ட பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

திரும்பும் வழியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தோம். "வருமான வரம்புக்கு மேல சம்பாதிக்கிற வரைக்கும் உங்க பொண்ணுக்குப் பென்ஷன் கிடைக்காதுங்க" என்றார் அங்கிருந்த பெண் அலுவலர்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதுக்கா என்ன இந்தப் பாடு படுத்தின?"

"உன் லைன்ல நாப்பது வயசு பொம்பள யாராச்சும் கீறாங்களா? வேல போனா சம்பளம் ஏது?"

யோசித்துப் பார்த்தேன். எல்லாம் தெற்கத்திப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பெண்கள். இருப்பதில் வயசானவள் நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேஸ் போட்டோம். நோட்டீஸ் போயும் என் கணவர் கோர்ட்டுக்கு வரவேயில்லை. அவர் வராமலேயே போன ஆடியில் தீர்ப்பாகிவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறார். அவர் ஓடி ஓடித் தேடிய அந்தப் புது விதி எங்களுக்குத் தேவையே படவில்லை. ஆனாலும் அவருக்கு நிம்மதி வரவில்லை. விதியை மறுபடி மாற்றிவிட்டால் என்ன ஆவது என்று பேப்பரைப் புரட்டுகிறார். காண்ட்ராக்ட் முடியும் சமயம் நெருங்கினால், "கம்பெனில இன்னா சொன்னான்?" என்கிறார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா" என்று சொல்லிக்கொண்டே, ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறேன்.