தூண்களின் மேல் நின்ற காரியாலயம்

மகளை எந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போனாலும் நான் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு அறையாகத் தலையை நீட்டி, பேரைக் கூப்பிட்டாகிவிட்டதா என்று கேட்டுவிடுவேன். அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கோ, சின்ன வயதில் மாத்தளையில் ஒரு புதுக் கட்டடத்தின் கீழே கழிந்த ஒரு பகலுக்குப் பிறகு வேறு வழி தெரியவில்லை.

அந்த இடத்தில் முன்பு ஓடு வேய்ந்த பழைய பங்களா இருந்தது. கிளாக்கர் வராந்தா ஜன்னலிலிருந்து பேரைக் கூப்பிடுவார். சனங்கள் முற்றத்தில் நின்று பதில் சொல்வார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசிலும் அதே வழக்கம்தான். தொழிலாளி படியேறுவதில்லை. சம்பளமும் ஏச்சும் ஜன்னல் வழியாகவே கிடைத்தன. அப்பா பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்ததும் அந்தப் பங்களா ஜன்னலில்தான்.

அந்த மனுவின் விசாரணைக்குக் கூப்பிட்டபோது பங்களா இல்லை. சுதந்திர நாட்டின் காரியாலயம் வெள்ளைக்காரன் வீட்டைப்போல இருக்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கூரையே தெரியாத தட்டையான வெள்ளைக் கட்டடம், மெல்லிய தூண்களின் மேல் நின்றது. கீழே சுவர் இல்லை, ஜன்னலும் இல்லை. ஓரத்தில் ஒரு படிக்கட்டு மட்டும் அந்தரத்தில் தொங்குவதுபோல மேலே போனது.

சாட்சி சொல்ல வந்த சித்தப்பா அண்ணாந்து பார்த்தார்.

"கவர்மெண்டுக்குச் சல்லி பத்தல போல. கீழ்வீட்ட கட்டாமயே விட்டுட்டாங்க."

"மெதுவாப் பேசு. மேல ஐயாமாருக்குக் கேக்கும்" என்றார் அப்பா.

பேரைக் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் நாலு பேரும் காலையிலிருந்தே தூண்களுக்கிடையே நின்றோம். பலர் படியேறிப் போனார்கள். காலில் சப்பாத்துப் போட்டிருந்ததால் அவர்களை உத்தியோகத்தர்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். சித்தப்பா தரையில் உட்காரப் போனபோது தடுத்தார். உட்கார்ந்திருக்கையில் பேரைக் கூப்பிட்டால் நன்றாயிருக்காதாம். நான் தூணுக்குத் தூண் ஓடி விளையாடினேன். நாங்கள் குடியிருந்த லயத்து ஒற்றைக் காம்பராவில் இல்லாத காற்று அங்கே நாலு பக்கமும் வீசியது.

வெயில் சாய்ந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மேல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்."

"கூப்பிடாம எப்படி ஏறுறது? மரியாத தெரியாத ஆளுன்னு எழுதிட்டா?"

"நாம நிக்கிறதே அவுங்களுக்குத் தெரியாட்டி?"

"தெரியும். அதுக்குத்தானே வெளிச்சத்துல நிக்கிறோம்."

கடைசியில் சாவிக்கொத்தோடு பியோன் இறங்கி வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். அப்பா அழைப்புக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தப் பேரா? காலையிலயே மேல மண்டபத்துல கூப்பிட்டோமே. ஆள் வரல்லன்னு விசாரிக்கிற மாத்தயா கேஸ மூடிட்டாரு."

"நாங்க இங்கதாங்க நின்னோம்."

"இங்க நின்னா மேல எப்படித் தெரியும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாத்தயாவை ஒருதரம் பார்க்க முடியுமா என்று அப்பா கேட்டார். அவர் மத்தியானமே கண்டிக்குப் போய்விட்டாராம்.

மேன்முறையீடும் பலிக்கவில்லை. சில வருடங்களில், பிரஜாவுரிமை இல்லாதவர்கள் என்று எங்களைத் தலைமன்னாரில் கப்பலேற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். பார்த்தேயிராத ஊர் எங்கள் ஊராயிற்று. சித்தப்பாவின் விசாரணை வேறொரு நாள் நடந்தது. அவர் நேரே படியேறிப் போனார், பிரஜாவுரிமை கிடைத்து நாட்டிலேயே தங்கினார். பிறகு அந்தத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி அறைகளாக்கிவிட்டார்களாம்.

அப்பாவின் கேஸை மூடிய அன்றைக்கு, தோட்டத்துக்குத் திரும்பும் யட்டவத்த பஸ்ஸில் அப்பா எனக்கு ஓரத்து இடத்தைக் கொடுத்தார். நாளைக்கும் இங்கே வருவோமா என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என் தலையில் கையை வைத்தார். பஸ் நகர்ந்த பிறகும் அதை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். பகல் முழுவதும் நின்ற களைப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே வேடிக்கை பார்த்தேன்.